இல்லாத சாரத்தை இறக்கிவிட்ட கை

1

அண்ணன் கனடாவுக்கு வந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம். வந்த அன்று குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, வீட்டுக்குள்ள குருவி எதும் மாட்டிக்கிச்சா?"

"குருவியா?"

"கத்துதே. இந்தா, இப்பக்கூட."

கூரையில் இருந்தது குருவி அல்ல, புகை கண்டுபிடிக்கும் கருவி. பற்றரி தீர்ந்துகொண்டு வந்தால் நிமிஷத்துக்கு ஒருமுறை கீச்சிடும். எத்தனை நாளாகக் கீச்சிட்டது என்று எனக்குத் தெரியாது. மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். எனக்குக் கேட்கவில்லை என்றால் அந்தச் சத்தம் இல்லை என்றுதான் பொருள்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் நான் பார்த்து ஓய்வு பெற்ற வேலை, எச்சரிக்கை மணிகளைக் கேட்பது.

பற்றரியை மாற்றினேன். அண்ணன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எந்த நாற்காலியிலும் முழுதாக உட்கார்வதில்லை. பிறகு சொன்னார்:

"அப்ப அது சும்மாதான் கத்துச்சா?"

"சும்மா இல்லண்ணே. நெருப்புப் புடிச்சா கத்த முடியாம போயிடும்னு கத்துச்சு."

"நல்லாருக்கு. இவ்வளவு நாளா நீ எங்க இருந்த?"

2

ஊரில் இருப்பவர்கள் "கனடாவில் ஆஸ்பத்திரியில் வேலை" என்றால் ஊசி போடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதைத் திருத்த எனக்கும் அவசரம் இருக்கவில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று, சொல்லிவிடலாம்.

ஊரில், டயகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் டிஸ்பென்சரியைக் கவனித்தவன் நான். இங்கே வந்ததும் என் சான்றிதழ்களை மதிப்பிடும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். காயத்துக்குத் தையல் போட்டது, பிரசவம் பார்த்தது, வயிற்றோட்ட காலத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கியது எல்லாவற்றையும் அவர்கள் நிதானமாக மதிப்பிட்டு, "கல்லூரியில் சிறிது காலம்" என்று எழுதி அனுப்பினார்கள். கோபம் வரவில்லை. சிறிது காலமாவது கிடைத்ததே.

அதை வைத்து ஆஸ்பத்திரியின் மொனிட்டர் அறையில் வேலை கிடைத்தது. ஜன்னல் இல்லாத கீழ்த்தள அறை. சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு திரையிலும் மேல்மாடிகளில் படுத்திருப்பவர்களின் இருதயங்கள் பச்சைக் கோடுகளாக ஓடிக்கொண்டிருக்கும். நோயாளியின் முகம் தெரியாது, கட்டில் இலக்கமும் கோடும்தான். கோடு பிசகினால் மணி அடிக்கும். சிவப்பு என்றால் உயிர், மஞ்சள் என்றால் கவனம், நீலம் என்றால் நோயாளிக்கு ஒன்றுமில்லை, வயர் கழன்றிருக்கிறது. மணி அடித்தால் வார்டுக்குத் தொலைபேசி. எடுக்காவிட்டால் மறுபடி. அதற்கும் எடுக்காவிட்டால் பொறுப்புத் தாதிக்கு. நடைமுறைக் கோவையை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். மற்றவர்கள் கோவையைத் தேடுவதற்குப் பதிலாக என்னைக் கேட்பார்கள்.

கஷ்டமான வேலையா என்று என் மகள் ஷாமினி சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். நோயாளிக்கு ஏதாவது நடந்தால் கஷ்டமில்லை. கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். எதுவும் நடக்காததைக் கண் எடுக்காமல் பார்ப்பதுதான் கஷ்டம். சம்பளம் அதற்குத்தான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்துக்குக் கண் கூர்மையாக இருக்கும். பிறகு திறந்தபடியே ஓய்வெடுக்கத் தொடங்கிவிடும். கோடு கண்ணுக்குள் போகும், அதற்கு அப்பால் போகாது. தூங்குகிறவனைத் தட்டி எழுப்பலாம். விழித்திருந்து பார்க்காதவனை எப்படிக் கண்டுபிடிப்பது? நானே என்னை அப்படிப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு கோடு மாறி, மறுபடி சரியாகி, அதன் பிறகுதான் அது மாறியதே எனக்குத் தெரியும்.

மணிகளும் உதவி செய்வதில்லை. நோயாளி இருமினால் மணி. புரண்டால் மணி. பல் துலக்கினால் இருதயம் தறிகெட்டு ஓடுவதாக நினைத்துக்கொண்டு சிவப்பு மணி. நூறு பொய் சொன்னவன் நூற்றியோராவது முறை உண்மை சொல்லும்போது எந்த முகத்தோடு கேட்பது?

இதைத் தீர்க்க ஆஸ்பத்திரி ஒரு குழு அமைத்தது. என்னையும் போட்டார்கள். பல தடவை கூடினோம். கூட்ட அறையில் படம் காட்டும் கருவி சூடேறி ஓர் ஓரத்தில் பீப் பீப் என்று சத்தமிட்டபடி இருந்தது. எச்சரிக்கை மணிகள் அலட்சியப்படுத்தப்படுவது பற்றி நாங்கள் பேசி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்து அதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரு சுவரொட்டி அடிப்பதாக முடிவாயிற்று. "ஒவ்வொரு மணியும் ஓர் உயிர்." எல்லா வார்டுகளிலும் ஒட்டினார்கள். அதையும் யாரும் பார்க்கவில்லை.

3

தோட்டத்தில் ஒரே ஒரு மணிதான். அது மணிகூட இல்லை, தொழிற்சாலைச் சங்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஊதும், வேலை முடிய ஊதும். நேரம் தவறி ஊதினால் எல்லோரும் ஓடுவார்கள். மண் சரிந்திருக்கும், அல்லது நெருப்பு, அல்லது யாருடைய கையோ கொழுந்து அரைக்கும் உருளைக்குள் போயிருக்கும். குறைவாக ஊதியதால் அதற்கு மதிப்பு இருந்தது.

அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. சங்கு சரியாக ஊதும், ஆம்புலன்ஸ் வராது. கொழுந்து லொறி வரும். கொழுந்தை இறக்கிவிட்டு, ஆளை ஏற்றிக்கொண்டு, ஹட்டன் போய்ச் சேர்வதற்குள் சில பேருடைய அவசரம் தீர்ந்துவிடும்.

அண்ணன் சவரிமுத்து வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்தில் தொழிற்சாலையில் வேலை செய்தவர், கொழுந்து காய வைக்கும் பிரிவில். என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான் என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "ஃபாதர்மாரு படிக்க வச்சாங்க, நான் பஸ்ஸுக்கு ஏத்திவிட்டேன்" என்பார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. தோட்டத்தை நடத்தும் தொரையின் ஜீப் சத்தம் வளைவில் கேட்டதும் உட்கார்ந்திருப்பவன் எழும்ப வேண்டும். தலையில் கட்டிய துண்டை அவிழ்க்க வேண்டும். இடுப்பில் மடித்துக் கட்டிய சாரத்தைக் கீழே இறக்கிவிட வேண்டும். இந்த மூன்றையும் ஒரே அசைவில் செய்வார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் செய்வார்கள். தொர பெரும்பாலும் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஜீப் போய், புகையும் அடங்கிய பிறகு மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

வெள்ளைக்காரத் தொரைகள் போனார்கள். தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, பிறகு கம்பனிக்குப் போனது. சங்கங்கள் வந்தன, வாக்குரிமை வந்தது. பிள்ளைகள் எழும்புவதை நிறுத்திவிட்டார்கள். அண்ணனின் கைக்கு மட்டும் ஒருவரும் தகவல் சொல்லவில்லை.

4

ஆறு மாத விசாவில் வந்தவர். அதை நீடிக்க நான் எழுதிய விண்ணப்பத்தில் தவறு கண்டுபிடிக்க முடியாமல் கொடுத்துவிட்டார்கள். நீடிப்பு வந்த வாரமே அண்ணனுக்கு மாடிப்படியில் நெஞ்சு அடைத்தது. நான் வேலை செய்த அதே ஆஸ்பத்திரி. தொடை வழியாகக் குழாய் செருகி, இருதயத்து அடைப்பில் ஒரு வலையை வைத்தார்கள். சில நாள் வார்டில் இருக்கட்டும் என்றார்கள். பயணக் காப்புறுதிக்காரர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தை இங்கே எழுதப்போவதில்லை. அது தனிப் புத்தகம்.

நெஞ்சில் வயர்கள், இடது விரலில் ஒரு கவ்வி, தலைக்கு மேலே திரை. என் பழைய அறையிலிருந்து யாரோ ஒருவர் இப்போது இவரை ஒரு பச்சைக் கோடாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். எனக்கு வசதியாக இருந்தது. நாற்காலியை எடுத்து, நானும் கோட்டைப் பார்க்க உட்கார்ந்தேன்.

தாதி யாழ்ப்பாணத்துப் பெண், பெயர் சுகந்தி. என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அங்கிள், நீங்கள் இந்தியாவோ?" என்றாள்.

"வட்டவளை."

"அது எந்தப் பக்கம்?"

"கண்டிக்கு மேல. றொசல்லயத் தாண்டினா ஹட்டன்."

"ஓ, நுவரெலியா. நாங்கள் ஸ்கூல் ட்ரிப் போனனாங்கள். நல்ல குளிர். ஸ்ட்ரோபெரி சாப்பிட்டனாங்கள்."

இந்த உரையாடலை இங்கே ஸ்காபரோவில் நான் பல வருஷமாக நடத்தி வருகிறேன். ஸ்ட்ரோபெரி தவறாமல் வரும்.

அன்று காலை டாக்டர் வந்தார். ஷாமினியைவிட இளைய பெண், வெள்ளைக் கோட்டு, பின்னால் இரண்டு மாணவர்கள். அண்ணன் படுத்திருந்தவர் நிமிர்ந்தார். இரண்டு காலையும் தரையில் வைத்தார். வலது கை தொடைக்குப் போனது, இல்லாத சாரத்தின் இல்லாத மடிப்பை இறக்கிவிட்டது. அந்தக் கை போகிற வழியில் நெஞ்சிலிருந்த வயர்களையும் வாரிக்கொண்டு போனது. திரையில் கோடு நேராகி, நீல மணி அடித்தது.

"ஐயா, எழும்பாதேங்கோ. வயர் எல்லாம் கழண்டு போட்டுது" என்றாள் சுகந்தி.

"இருக்கட்டும் மிஸ்ஸி, நீங்க உக்காருங்க."

"நான் இருக்க வரேல்லை ஐயா. நீங்கள்தான் படுக்கவேணும்."

சுகந்தி வயர்களை ஒட்டினாள். சாப்பாடு கொண்டுவந்தவர் நுழைந்தார், அண்ணன் எழும்பினார், நீல மணி. இரத்தம் எடுக்க ஒரு பையன் வந்தான், எழும்பினார், நீல மணி. குப்பை எடுக்கும் பெண்மணி வந்தபோதும் எழும்பினார். அந்தப் பெண்மணி பயந்து வெளியே போய்விட்டார்.

மொனிட்டர் அறையிலிருந்து வார்டுக்குத் தொலைபேசி வந்தபடி இருந்தது. மறுநாள் குறைந்தது. பிறகு நின்றுபோனது. ஏன் என்று எனக்குத் தெரியும். கீழே இருப்பவர் பக்கத்தில் இருப்பவரிடம், "அந்தக் கட்டில்தானே? அவர் எழும்புகிற ஆள்" என்றிருப்பார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சுகந்தி நடைமுறைப்படி பொறுப்பானவரிடம் கேட்டு, அந்தக் கட்டிலின் நீல மணியைக் கேட்டும் கேட்காத அளவுக்குக் குறைத்தாள். குழுவில் இருந்தபோது இந்த நடைமுறையை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

5

எனக்கு அவமானமாக இருந்தது. மாணவர்கள் சிரிப்பை அடக்கியது ஒரு காரணம். "உங்கட அண்ணா ஆமியிலயோ இருந்தவர்?" என்று சுகந்தி கேட்டது இன்னொன்று.

"அண்ணே, இங்க யாரும் தொர கிடையாது. அந்தப் புள்ளைக்கு நம்ம ஷாமினி வயசுகூட இல்ல. எதுக்கு எந்திரிக்கிறீங்க?"

"வயசுக்கா எந்திரிக்கிறோம்?"

"பின்ன எதுக்கு?"

அண்ணன் தட்டிலிருந்த ஜெலியைக் கரண்டியால் ஆட்டிப் பார்த்தார். அது ஆடுவது அவருக்குப் பிடித்திருந்தது.

"தொர நம்மளப் பாக்கவா வந்தாரு? கொழுந்தப் பாக்க வந்தாரு. அதுக்கே எந்திரிச்சோம். இந்தப் புள்ளைங்க நம்மளப் பாக்கத்தானே வருதுங்க."

"வரட்டும். நீங்க படுத்துக்கிட்டே இருங்க. வயர் கழண்டா மணி அடிக்குது, அவங்களுக்குத் தொந்தரவு."

"எந்த மணி? ஒருத்தரும் ஓடி வரலையே."

நான் குரலை உயர்த்தினேன். இங்கே எல்லோரும் சமம், எழும்பி நின்றால் நம்மைத்தான் கேவலமாக நினைப்பார்கள், இந்த அடிமைப் பழக்கத்தை இமிகிரேசனிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்றேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பார்த்தார். ஷாமினி கல்கரியிலிருந்து பிறந்தநாளுக்கு அனுப்பிய கடிகாரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அது என்னா துடிக்குது?"

"ரொம்ப நேரம் உக்காந்திருக்கேனாம். எந்திரிச்சு நிக்கச் சொல்லுது."

"நிக்கலாம்ல?"

"அது தெனமும் சொல்லும். நான் கண்டுக்கிறதில்ல."

அண்ணன் சிரிக்கவில்லை. "சரி, இனி எந்திரிக்கல. போ" என்று சொல்லிவிட்டு ஜெலியைச் சாப்பிட்டார்.

அன்று மாலை ஷாமினி காணொளியில் வந்தாள். "பெரியப்பா, நீங்க நல்லா ரெஸ்ட் பண்ணுங்க. டோன்ட் வொறி" என்றாள். அண்ணன் திரையில் தெரிந்த பிள்ளைக்கும் அரைவாசி எழும்பினார். நீல விளக்கு எரிந்தது. மணியின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

6

மறுநாள் காலை நான் வந்தபோது அண்ணன் கண் திறந்து படுத்திருந்தார். "என்னண்ணே" என்றேன். பதில் இல்லை. நேற்றைய கோபம் இன்னும் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். கோடு அழகாக ஓடியது. இருதயத் துடிப்பு பச்சை, பிராணவாயு பச்சை, எல்லாம் பச்சை. என் வேலைக்காலத்தில் இப்படி ஒரு கோடு கிடைத்தால் அந்தக் கட்டில் பக்கம் அதன் பிறகு பார்க்கவேமாட்டேன்.

டாக்டர் நுழைந்தார். பின்னால் சுகந்தி.

அண்ணன் படுத்திருந்தார்.

"பாத்தீங்களோ அங்கிள், ஐயா இண்டைக்குச் சொல்வழி கேட்டிட்டார்" என்றாள் சுகந்தி. டாக்டர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். மிகவும் நல்லது, இப்போதுதான் உண்மையாக ஓய்வெடுக்கிறார், நாளைக்கு வீட்டுக்குப் போவது பற்றிப் பேசலாம் என்றார். அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. சவரிமுத்து அண்ணன் என் பேச்சைக் கேட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

முதல் தடவை என்ற இடத்தில் மனம் தடுக்கியது. சுருட்டை விடச் சொல்லியிருக்கிறேன், விடவில்லை. மழையில் கூரை ஏறாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன், ஏறினார். நேற்று மாலை, எழும்பமாட்டேன் என்று சொன்ன அதே நாளில், ஒரு கைத்தொலைபேசிக்கு எழும்பியவர் இவர்.

திரையை விட்டுக் கண்ணை இறக்கி, வந்ததிலிருந்து முதல் தடவையாக அண்ணனைப் பார்த்தேன்.

அவர் கண்கள் டாக்டரின் முதுகிலேயே இருந்தன. இடது தோள் தலையணையிலிருந்து சற்று மேலே நின்றது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் எழும்பிக்கொண்டுதான் இருந்தார். வலது கை மட்டும் போர்வைமேல், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது.

"டாக்டர், இவர் எழும்பவில்லை" என்றேன்.

டாக்டர் திரும்பிப் புன்னகைத்தார். "ஆமாம், நல்லதுதானே."

"நல்லதில்லை. இவர் எழும்புகிற ஆள்."

அவருக்கு விளங்கவில்லை. மறுபடி திரையைப் பார்த்தார். அங்கே எல்லாம் பச்சை. சுகந்திக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்ததை அப்படியே மேசையில் போட்டுவிட்டுக் குனிந்தாள்.

"ஐயா, என்னைப் பாருங்கோ. ரெண்டு கையையும் தூக்குங்கோ பாப்பம்."

இடது கை எழும்பியது.

"ஐயா, சிரியுங்கோ."

அரை முகம் சிரித்தது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் நடைமுறைக் கோவையில் இருப்பதுதான். மூளைக்கு இரத்தம் போகும் வழியில் இரத்தக்கட்டி அடைத்தால் எந்தக் குறியீட்டைச் சொல்ல வேண்டும், எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும், யார் யார் ஓடி வருவார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். நான் அழைப்பதற்குள் சுகந்தி அழைத்துவிட்டாள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். என்னை மின்தூக்கி வாசலில் நிறுத்திவிட்டார்கள். உறவினர் அதற்கப்பால் போகக்கூடாது என்பதும் கோவையில் இருக்கிறது. எத்தனையாம் பக்கம் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த வாசலில் நின்றபோது ஒன்று புரிந்தது. ஊரிலிருந்து எங்கள் தலைமுறையில் மிச்சம் இருப்பது இந்த ஓர் ஆள். அவரிடம் இருந்த ஒரே எச்சரிக்கை மணியை, அந்த எழும்புதலை, சத்தம் அதிகம் என்று நேற்று நான்தான் நிறுத்தச் சொன்னேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

7

கட்டியை எடுத்துவிட்டார்கள். நேரத்தோடு தெரிந்ததால்தான் எடுக்க முடிந்தது என்றார் அந்த இளம் டாக்டர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மாணவர்கள் கேட்டார்கள். தொர, ஜீப், சாரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர்கள் குறிப்பெடுத்தார்கள். என்ன எழுதியிருப்பார்கள் என்று அறிய ஆசை.

பேச்சு முதலில் வந்தது. முதல் வார்த்தை என் பெயராக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "ஜெலி" என்றார். ஷாமினி கல்கரியிலிருந்து வந்தாள். பெரியப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் காட்டியபடி விரல் விரலாக மடக்கி நீட்டினாள். பாதித் தமிழில் எண்ணினாள். ஏழுக்குப் பிறகு ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். கால் தேறிவந்தது, கை வரவில்லை. வராமலும் போகலாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லிவைத்தார்.

ஒரு நாள் காலை ஷாமினி தேநீர் வாங்கப் போயிருந்தாள். நான் திரைக்கு முதுகு காட்டி, அண்ணனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இப்போது அப்படித்தான் உட்காருகிறேன். கதவு திறந்தது. டாக்டர்.

அண்ணன் இடது முழங்கையை ஊன்றினார். தோள் எழும்பியது. நான் பிடிக்கப் போகவில்லை. போர்வைமேல் கிடந்த வலது கை அசைந்தது. பிறகு மிகவும் மெதுவாக, சேற்றில் போகும் லொறிபோல, நெஞ்சைத் தாண்டித் தொடையை நோக்கிப் போனது. மடிப்பைத் தேடியது. இறக்கிவிட்டது.

வயர்கள் கழன்றன. அந்த நிகழ்வுக்குப் பிறகு மணியின் சத்தத்தை மறுபடி கூட்டி வைத்திருந்தார்கள். நீல மணி வார்டு முழுக்கக் கேட்டது. வழக்கம்போல ஒருவரும் ஓடி வரவில்லை.

கொஞ்சம் பொறுத்து சுகந்தி வந்தாள். நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும் தங்கச்சி" என்றேன். "கொஞ்ச நேரம் அடிக்கட்டும்."